முள் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள்

பனித்திட்டு

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரன் கதிரவனும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க நம் கங்கையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எனக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லை. சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், முட்டிவலிதான் படகு ஏறுவதை நான் விட்ட பிறகும் என்னை விடவில்லை. மழையில் பின்பக்கத்து ஓடு பெயர்ந்து ஒழுகியது, ஆள் வைத்துச் சரி செய்துவிட்டேன். செல்லப்பன் மகன் லீவு முடிந்து பாரீசுக்குத் திரும்புகிறான், அவனிடம் குழம்பு மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் நீ சாப்ட்டியாப்பா என்று கேட்கிறாய், நான் ஆச்சும்மா என்கிறேன், அதற்குள் உனக்கு பஸ் வந்துவிடுகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா போனதிலிருந்து வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. காலையில் டீக்கடையில் டீயும் பன்னும், மதியம் அதே கடையில் கிடைப்பது, ராத்திரி பல நாள் ஒன்றும் இல்லை. சமைக்கத் தெரியாமல் இல்லை, ஒரு ஆளுக்கு உலை வைத்து இறக்கினாலும் தட்டைப் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியவில்லை. பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று டி.வி.யை ஓடவிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதம் நம் ஊர் பால்வாடி டீச்சர் ஜெயசித்ரா வந்தாள். உன்னோடு பள்ளிக்கூடம் போன பெண்தான், ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து ரத்தம் பார்த்ததில் நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு மேல் ரத்தம் இல்லையாம், வயசுக்கு வந்த பெண்கள் பிரேயரில் மயங்கி விழுகிறார்களாம். கடலை ஒட்டிக் குடியிருந்துகொண்டு பிள்ளைகள் வெளுத்துப்போய் நிற்பதைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நல்ல மீனெல்லாம் ஏலத்துக்குப் போய்விடுகிறது, பெண்கள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், மீன் ஆய்ந்து குழம்பு வைக்க யாருக்கு நேரம். பிள்ளைகள் கலர் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகின்றன. மகளிர் குழுவில் பேசி, பள்ளிக்கூடச் சாப்பாடு இல்லாத சனிக்கிழமை மதியம் கரையில் வலை பின்னும் வலைக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கீரையும் மீனும் சோறும் போடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். "பெரிப்பா, உனக்கு எந்த போட்டுக்காரனும் இல்லன்னு சொல்ல மாட்டான், நீ மீன மட்டும் கேட்டு வாங்கிக் குடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

அவள் சொன்ன மாதிரி ஒருவனும் மறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு கை கவளை, நெத்திலி என்று பையில் போட்டார்கள். நான் கரையிலேயே உட்கார்ந்து ஆய்ந்து கொண்டுபோய்க் கொடுப்பேன், குழுவில் இருக்கும் சின்னபொண்ணுதான் சமையல். முதலில் பிள்ளைகள் முருங்கைக்கீரையைப் பார்த்து முகத்தைச் சுளித்துத் தட்டின் ஓரம் ஒதுக்கின, மீனைத் தொடவே யோசித்தன. போகப்போகச் சரியாகிவிட்டது. நானும் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வாரத்தில் அந்த ஒரு வேளைதான், அனு, நான் ருசி தெரிந்து சாப்பிட்டது. வெள்ளிக்கிழமையே சட்டை துவைத்துப் போட்டுவிடுவேன், சொன்னால் சிரிப்பாய்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை யாமினி என்கிற சின்னப் பெண்ணுக்குத் தொண்டையில் கவளை முள் மாட்டிக்கொண்டது. வடக்குத் தெரு செல்வகுமாரியின் மகள், இரண்டாவது படிக்கிறது. கண்ணெல்லாம் தண்ணீர், எச்சில் விழுங்க முடியவில்லை, சோற்று உருண்டை கொடுத்துப் பார்த்தும் இறங்கவில்லை. ஜெயசித்ரா ஸ்கூட்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாகூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், டாக்டர் இடுக்கியால் எடுத்துவிட்டார், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் செல்வகுமாரி வேலை முடிந்து வந்ததும் தெருவில் நின்று, "யாரக் கேட்டு எம்புள்ளைக்கு முள்ளு மீன போட்டீங்க, போயிருந்தா திருப்பிக் குடுப்பீங்களா" என்று கத்தினாள். இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஜெயசித்ரா சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வலைக்கூடம் பூட்டிக் கிடந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் வழக்கம்போல் மீனோடு போய் நிற்கிறேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கடைப் பக்கம் போய்விட்டன. அத்தனை மீனையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு அம்மா படத்துக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மனசு கேட்காமல் செல்வகுமாரி வீட்டுக்குப் போனேன். மீனைக் கொண்டுவந்தவன் நான், நாலு வார்த்தை திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் அப்போதுதான் வந்து கம்பெனிச் சீருடை கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள், புருஷன் கேரளாவில் போட்டு வேலையில் இருக்கிறான். மூலையில் யாமினி செல்போன் பார்த்துக்கொண்டு ஏதோ பாக்கெட் தின்றது. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நானும் அதுவும் ஒண்ணா உக்காந்து ஒரு வேள சோறு துன்னு எத்தினி நாளாவுது தெரியுமா பெரிப்பா. மீனவப் பொண்ணு, மீன்ல முள்ளு இருக்கும்னே அதுக்குத் தெரியல. நான்தான காட்டியிருக்கணும். அந்தக் கோவத்த உங்க மேல கொட்டிட்டேன்" என்று அழுதாள். உனக்கு என்னைக்கிம்மா லீவு என்று கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்றாள். அப்படியே எழுந்து ஜெயசித்ரா வீட்டுக்குப் போய், சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று, பிள்ளைகளோடு பெற்றவர்களும் வந்து உட்காரட்டும் என்றேன். அவள் முதலில், "வேணாம் பெரிப்பா, இன்னொரு தபா பேச்சு வாங்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். செல்வகுமாரியே நேரில் வந்து கேட்ட பிறகுதான் சம்மதித்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கிறது. குட்டிப் பிள்ளைகளுக்கு முள் இல்லாத சுறாப்புட்டு, மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்து முள் பார்த்துக் கொடுக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் வரவில்லை. பெரிய பையன்களும் வருவதில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு கன்னியக்கோவில் பக்கம் பிரைட் ரைஸ் தின்னப் போய்விடுகிறார்கள், அவர்களை என்ன செய்வது. மறுபடி ரத்தம் பார்த்ததில் சில பெண்களுக்குக் கூடியிருக்கிறதாம், யாமினிக்கும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. போன வாரம் அது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் அம்மா முள் எடுத்துத் தட்டில் வைப்பதையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாத்தா, உனக்கு வூட்ல யாரு முள்ளு எடுத்துத் தருவாங்க" என்று கேட்டது. நானே எடுத்துப்பேன் என்றேன். அப்புறம் தன் தட்டில் இருந்த துண்டை விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்துவிட்டு என் சோற்றின் மேல் வைத்து, "இதுல இல்ல, நான் பாத்துட்டேன்" என்றது. அதில் ஒரு முள் இருந்தது. சொல்லாமல் தின்றுவிட்டேன்.

கதிரவன் தனியாக டி.வி. முன்னால் சாப்பிடுகிறான் என்று ஒரு தடவை சொன்னாய். நீயும் மாப்பிள்ளையும் வேலையால் ஓய்ந்துபோய் வருவீர்கள், எனக்குத் தெரியும். ஒரு வேளையாவது மூன்று பேரும் ஒன்றாக உட்காருங்கள். உனக்கு ரத்தம் கம்மி என்று கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. எனக்காகக் கவலைப்பட வேண்டாம், இப்போது ராத்திரிக்குக் கஞ்சியாவது வைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பேரனுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தால் எடுக்க மாட்டேன், வலைக்கூடத்து இரைச்சலில் மணி கேட்காது. மற்ற எந்த நாள், எந்த நேரம் கூப்பிட்டாலும் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அப்பா,
ஏகநாதன்