உபதேசியார் சொன்ன உறவு

மிஷனில் தங்கி ஞானோபதேசம் படிக்கும் என் வீட்டுக்காரர் செபுலிபா அவர்களுக்கு, நலுவெயிசோ முழந்தாளிட்டு எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். அப்படித்தான் எழுத வேண்டும் என்றார்கள், எழுதிவிட்டேன்.

யாரைப் பிடித்து எழுத வைத்தாள் என்று யோசிக்காதீர்கள். என் கையெழுத்துதான். நீங்கள் போன மறுவாரமே நானும் கோயில் கொட்டகையில் படிக்க உட்கார்ந்துவிட்டேன். "உனக்கெதுக்குடி படிப்பு, வாழைத்தோட்டத்தப் பாரு" என்றீர்களே, அது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இளையாள் நபோசாவின் சின்னவளுக்குப் பல் முளைத்திருக்கிறது. பெரியவன் லுபோவா இன்னமும் என் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். உங்கள் அப்பாவின் கொம்புத் தாயத்தை எரிக்கச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எரித்துவிட்டேன். அடுத்தது நானா?

செவ்வாய்க்கிழமை உபதேசியார் யோகானா மிஷனிலிருந்து சைக்கிளில் வந்தார். ஞானஸ்நானத்துக்கு முன்னால், ஒருவனுக்கு ஒரு மனைவிதானா என்று வீடு வீடாக விசாரிக்கிறார்களாம். நானும் நபோசாவும் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தோம். நோட்டைப் பார்த்தார். அவளிடம், "நீதானம்மா சம்சாரம்?" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க அவரோட அக்காதானே? தம்பி குடும்பத்த இப்படித் தாங்குறீங்களே, நல்லா இருக்கணும்" என்றார். நம் பெயர்களே குலத்தைச் சொல்லிவிடுமே; என் பெயரைக் கேட்டிருந்தாலே நான் வேறு குலம், உங்கள் கூடப்பிறந்தவள் இல்லை என்று தெரிந்திருக்கும். மனுஷன் கேட்கவில்லை.

நபோசா தலை நிமிராமல் சீவிக்கொண்டே இருந்தாள். அவர் போன பிறகு, "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்று அழுதாள். அந்த அழுகையை நம்புவதா, அப்போது வாய் திறக்காமல் இருந்ததை நம்புவதா? நானும்தான் வாய் திறக்கவில்லை. உபதேசியாருக்கு வாழைப்பழச் சாறு கொடுத்து அனுப்பினேன்.

அவர் தப்பாக எழுதிக்கொண்டாரா, நீங்கள் சொல்லி எழுதினாரா? முதலில் கட்டியவளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சாமியாரின் சட்டம். அதை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத் தாண்டுவதற்காக என்னைக் கூடப்பிறந்தவளாக்கிவிட்டீர்களோ? எனக்குப் பிள்ளை இல்லை, அதுதானே? முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். இப்படி வயிறு எரிந்திருக்காது. கல்யாண முறைப்படி என் அண்ணன் கையில் சேவலைக் கொடுத்துத்தானே என்னைக் கூட்டிவந்தீர்கள்? அக்காவைக் கூட்டிவர எவனாவது சேவல் கொடுப்பானா?

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், உங்களுக்கும் நபோசாவுக்கும் கோயிலில் நடக்கப்போகும் கல்யாணத்தின் ஓலையை வாசிப்பார்களாம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்களாம். நான் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருப்பேன். மிரட்டுகிறாள் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் சரிதான். பொய் சொல்லாதே என்ற கட்டளையை நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இதை அந்தச் சேவலைத் தின்ற அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். பதில் வாங்காமல் திரும்பமாட்டான். கீழே என் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நான் உங்களுக்கு யார் என்று உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். எழுதும்போது உங்கள் புதுச் சாமி கை நடுங்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ....................
நலுவெயிசோ