பளிச்சியம்மாவுக்கு எட்டாம் சுற்று

ஐப்பசி 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கொடியில் போட்ட சேலை மூன்று நாளாகக் காயவில்லை. உளுந்து புடைக்க வேண்டும். நாளைக்கு.

இந்த நோட்டு, கல்யாணத்துக்கு மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் கொடுத்தது. இரண்டு வருஷமாக டிரங்குப் பெட்டிக்கு அடியில். இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வேன்.

பொழுது சாய, வெளிக்குப் போகக் கண்மாய்க் கரைக்குப் போனேன். இந்த விளாங்குடியில் பொம்பளைகள் வீட்டை விட்டு வெளியே வருவது அந்தக் கால் மணி நேரம்தான். அதற்கும் அ. (அத்தை, என் மாமியார்) வாசலில் காவல். இன்றைக்கு என்னவோ கரை மேல் ஏறி நின்றேன். மதுரைப் பக்கம் ஒரே கறுப்பு. மில் சங்கு ஊதி ஓய்ந்தது. கொஞ்ச நேரம். அப்புறம், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை எல்லா லைட்டும் ஒரே நேரத்தில்!

இடது பக்கமிருந்து மூன்றாவது எங்கள் தெரு முக்கு. அதன் கீழேதான் அம்மா குழாயில் தண்ணீர் பிடிப்பாள். நாலு மைல் தூரம். இரண்டு வருஷமாகக் கால் வைக்கவில்லை. கல்யாணப் பந்தியில் அ.வுக்கு முதல் தாம்பூலம் நீட்ட வேண்டியதை அம்மா பதற்றத்தில் வேறு யாருக்கோ நீட்டிவிட்டாள். அன்றோடு சம்பந்தி வீட்டுக்குப் போக்குவரத்து கிடையாது. அம்மா முகமே மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நன்றாக அழுதேன்.

திரும்ப நேரமாகிவிட்டது. "எம்புட்டு நேரம்டி? கரையில என்ன வேலை உனக்கு?"

"பளிச்சுன்னு வந்துச்சு அத்தை, கும்பிட்டுட்டு வாரேன்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அ.வுக்கு வலது காது மந்தம். "யாரு? பளிச்சியம்மாவா?" இடுப்பில் வைத்த கை தானாக இறங்கியது. "அது மலைச் சாமியாச்சே. அழகர்மலைக்கு அங்கிட்டுல்ல இருக்கும். இங்க எங்கிட்டுடி வந்துச்சு?"

"டவுனுக்கு வந்திருக்கு அத்தை."

"ரொம்பத் துடியான சாமிடி. கும்பிட்டது நல்லதுதான்."

சோறு போட்டாள், குழம்பில் கிடந்த கத்திரிக்காயும் எனக்கு.

ஐப்பசி 5, புதன்

உளுந்து புடைத்தாயிற்று. பாதி வண்டு.

சாயங்காலம் அ.வே, "சாமி கும்பிடப் போகலையா?" என்றாள்! போனேன். நின்றேன். வந்தது. மூன்றாவது லைட்டைப் பார்த்து, "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன். பின்னால் இருமல். பக்கத்து வீட்டு இருளாயி அக்கா.

"யார்கிட்டத்தா பேசுற?"

"பளிச்சியம்மாகிட்ட."

பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் ஒண்ணு சொல்லவா?" சொன்னாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காட்டிச் சொன்னாள். அவள் புருஷன் கை.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். சேலை காய்ந்தது, கடைசியாக.

இன்றைக்குக் கரையில் ஏழு பேர். இருளாயி அக்காவின் வாய்க்குத் தண்டோரா போடுகிறவன் தோற்றான். ஆளாளுக்குக் கேள்வி. பளிச்சியம்மாவுக்கு என்ன படைக்கணும்? கிடா உண்டா? முடி இறக்கலாமா? நான் என்ன கண்டேன்! ஆனால் பதில் தானாக வந்தது. ஒன்றும் தட்டவில்லை. மறக்காமல் இருக்க:

1. மில் சங்கு ஊதினால் கரைக்கு வந்துவிட வேண்டும். உலை கொதித்தாலும் சரி.
2. கையில் விளக்கு கூடாது. இருட்டில் நின்றால்தான் அம்மா தெரிவாள்.
3. படையல் கிடையாது. மனதில் உறுத்துகிற ஒன்றை லைட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் வெளியில் சொல்லக் கூடாது.
4. லைட்டு வரும்வரை ஆம்பளைகள் கரை ஏறக் கூடாது.
5. பளிச்சியம்மாவைக் கும்பிட்டு வந்த பொம்பளை மேல் அன்றைக்குக் கை வைக்கக் கூடாது. வைத்தால் கை விளங்காது.

ஐந்தாவதைச் சொன்னதும் இருளாயி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவரிடம் (வீட்டுக்காரர்) ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். தினம் கத்திரிக்காய் வண்டியோடு டவுனுக்குப் போகிறவர். "கரண்டைக் கும்பிடுறீங்களாமே?" என்றார். "ஆமா" என்றேன். "கும்பிடுங்க, கும்பிடுங்க. சூரியனையே கும்பிடுறோம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். நல்ல மனுஷன்தான். வாய்தான் திறப்பதில்லை, தன் ஆத்தாள் முன்னால்.

ஐப்பசி 14, வெள்ளி

மழை. டவுன் தெரியவில்லை. "அம்மா குளிக்கப் போயிருக்கா" என்றாள் இருளாயி அக்கா. நனைந்துகொண்டே சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

சங்குக்கும் லைட்டுக்கும் நடுவில் சும்மா நிற்பானேன் என்று மூன்று நாளாகக் கும்மி. பாட்டு நான் கட்டியது:

சங்கு ஊதுது சங்கு ஊதுது பளிச்சியம்மா – நீ
தங்கி நிக்கிறது எந்தத் தெருவடி பளிச்சியம்மா

இப்படி ஏழு சுற்று, இடது பக்கமிருந்து சுற்றுக்கு ஒரு தெரு. மூன்றாம் சுற்று எங்கள் தெரு. (வேறு யாருக்கும் தெரியாது.)

ஐப்பசி 19, புதன்

குறிப்பு: புளி தீர்ந்தது. அவருடைய வேட்டியில் வாழைக்கறை, போகவில்லை.

ஓர் ஆச்சரியம். சங்கு ஓய்ந்ததும் கும்மியை ஆரம்பித்தால், ஏழாம் சுற்றுக் கடைசித் தட்டுக்கு லைட்டு வருகிறது. மழை இல்லாத நாளெல்லாம் பார்த்துவிட்டோம். ஒரு நாள் அரைச் சுற்று முந்தி. மற்றபடி தட்டும் லைட்டும் சேர்ந்து. எங்கேயோ ஒருத்தன் வேளைக்குச் சுவிட்சைத் திருப்புகிறான், அவ்வளவுதான். எனக்கா தெரியாது? தெரிந்தும் அந்தக் கடைசித் தட்டில் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. இன்றைக்குக் கை தானாகக் கும்பிட்டது. நான் உண்டாக்கிய சாமியை நானே! வெட்கமாக இல்லை.

பத்து நாளாக இருளாயி அக்கா மேல் அடி விழவில்லை. ஓங்கிய கையை இறக்கிவிட்டானாம். "கை நடுங்குச்சுத்தா அந்த மனுசனுக்கு. நான் பார்த்தேன்." இந்த ஒன்றுக்காகவே எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இப்போது பத்தொன்பது பேர்.

ஐப்பசி 25, செவ்வாய்

வினை வந்துவிட்டது.

ராக்கன் கோடாங்கி, உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர், கரைக்கே வந்துவிட்டார். பின்னால் இருளாயி அக்கா புருஷன், இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள். நாலாம் விதி காற்றில்.

"ஆத்தாமாருகளா, இது என்ன புதுச் சாமி? டவுன்ல லைட்டு தெனமும்தான் எரியுது."

இருளாயி அக்கா சும்மா இருந்திருக்கலாம். "நாங்க பாடி முடிச்சாத்தான் எரியும்!"

"அப்படியா?" கோடாங்கி சிரித்தார். "சாமின்னா உத்தரவு குடுக்கணும். வெள்ளிக்கிழம ஊரு பார்க்கப் பாடுங்க. பாடி முடிக்கவும் லைட்டு வரணும். வந்தா நானே விழுந்து கும்பிடுறேன். வரலைன்னா, பொழுது சாஞ்சு எவளும் கரை ஏறப்படாது. போனமா வந்தமான்னு இருக்கணும்."

அக்கா புருஷன் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கை இப்போதே ஊறுகிறது.

அ.விடம் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம்.

ஐப்பசி 26, புதன்

இரண்டு தடவை சோறு குழைந்தது. மனம் அடுப்பில் இல்லை.

சாயங்காலம் சரியாக ஏழு சுற்று. சபாஷ்.

ஐப்பசி 27, வியாழன்

ஏழு சுற்று. ஆனால் மேற்கே கறுத்து வருகிறது. நாளைக்கு மழை மறைத்தால் போச்சு. அவரிடம், "டவுன்ல லைட்டு போடுற ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "கத்திரிக்கா வாங்க வந்தாத்தான் எனக்கு ஆளைத் தெரியும்" என்கிறார். இவரைக் கட்டிக்கொண்டு!

பளிச்சியம்மா, இருந்தால் வா. இல்லாவிட்டாலும் வா.

ஐப்பசி 28, வெள்ளி

எழுத்து கோணல்.

மத்தியானம் பலத்த மழை, நாலு மணிக்கு வெறித்தது. வானம் கழுவிவிட்டாற்போல. கரை கொள்ளாத கூட்டம். ஆம்பளைகள் தெற்குப் பக்கம், நாங்கள் வடக்கே. அவர் கூட்டத்தில் கடைசியில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. அ. எங்கே என்று தெரியவில்லை.

சங்கு. ஓய்ந்தது. ஆரம்பித்தோம்.

ஒன்று. இரண்டு. மூன்று. என் தெருவுக்குக் குரல் உடைந்தது, இருளாயி அக்கா தூக்கிப் பிடித்தாள். நாலு, ஐந்து, ஆறு. ஏழில் கால் சேற்றில் வழுக்குகிறது, யாரும் நிறுத்தவில்லை. கடைசித் தட்டு.

இருட்டு.

ஒன்றும் வரவில்லை. தவளைச் சத்தம் மட்டும். கோடாங்கி உடுக்கையை ஒரு தட்டுத் தட்டி, "வந்துச்சாத்தா?" என்றார். ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு. அக்கா புருஷன் சிரிப்பு தனியாகக் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள், ஐஸ் மாதிரி. எல்லாம் என்னால்தான், இன்றைக்கு ராத்திரி இவளுக்கு விழப் போகிற அடியும் என்னால்தான் என்று நினைத்தேன்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"எவன்டா சொன்னது முடிஞ்சிருச்சுன்னு? எட்டாம் சுத்து இருக்குல்ல!"

அ.! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். கையைத் தட்டினாள். அந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது?

உலை கொதிச்சுப் பொங்குதடி பளிச்சியம்மா – இங்க
ஊருசனம் சிரிக்குதடி பளிச்சியம்மா
மருமக மூஞ்சி வாடுதடி பளிச்சியம்மா – அடி
வாரதுன்னா வந்து தொலைடி பளிச்சியம்மா!

'தொலைடி' என்று தட்டினாள்.

வந்தது! கோடிக்குக் கோடி, மழை கழுவிய வானத்துக்குக் கீழே, அத்தனை லைட்டும்! கண்மாய்த் தண்ணீரில் ஏதோ மினுங்கியது போலக்கூட இருந்தது. ஆண், பெண் எல்லோரும் "ஆத்தாடி!" என்றார்கள். பொம்பளைகள் போட்ட குலவையில் கரையே அதிர்ந்தது. கோடாங்கி உடுக்கையைத் தரையில் வைத்தார், சேற்றில் விழுந்து கும்பிட்டார். சொன்ன சொல் காத்த மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா புருஷன் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். இருளாயி அக்கா அவன் எதிரிலேயே போய் நின்று, "வாங்க வீட்டுக்குப் போவோம்" என்றாள். பின்னாலேயே போனான்.

ஜெயித்துவிட்டோம். ஜெயித்துவிட்டோம். இன்னொரு தடவை எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம்.

ஐப்பசி 29, சனி

தொண்டை கட்டிவிட்டது. சுக்குத் தண்ணீர்.

டவுனிலிருந்து வந்ததும் அவர் என்னிடம் மெல்ல: "நேத்து சுவிட்சு போடுற ஆளு, தேங்கின தண்ணியில சைக்கிளோட விழுந்துட்டானாம். அதான் லேட்டு."

"ஊர்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

இவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் ஐம்பது பேருக்கு மேல். முன்னால் அ. இனிமேல் எட்டுச் சுற்றாம், உத்தரவு போட்டுவிட்டாள். "அப்ப லைட்டு ஏழுலயே வந்திருமே அத்தை?" என்றேன். "வந்தா என்னடி? வந்தவள எட்டாவதுல வாழ்த்திட்டுப் போறோம்." என் சாமி என் கையை விட்டுப் போய்விட்டது. போகட்டும்.

கும்மி முடிந்து எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் அ. முறை. லைட்டைப் பார்த்து ஒன்று சொன்னாள். பக்கத்தில் நான் இருந்ததால் கேட்டேன். எழுத மாட்டேன். விதி 3.

கார்த்திகை 2, செவ்வாய்

காலையில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது அ. ஆட்டுரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாவைத் தள்ளிவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக இல்லாத அதிசயம்.

"ஏத்தா சரசு, சாமின்னா எட்ட நின்னே கும்பிடுறதா? நேர்ல போய்ப் பார்க்க வேணாமா?"

"டவுனுக்கா அத்தை?"

"பின்ன? வெள்ளிக்கிழம வண்டி கட்டச் சொல்லிட்டேன்." கொஞ்சம் மாவு தள்ளினாள். "மூணாவது லைட்டுக்குக் கீழதான உங்க வீடு? உன் கும்மியிலேயே தெரியுதே, மூணாம் சுத்துல மட்டும் குரல் கம்முதுன்னு. செவிடுன்னாலும் இடது காது கேக்கும்டி எனக்கு."

மாவில் கண்ணீர் விழுந்தது. உப்புப் போட வேண்டியதில்லை.

கார்த்திகை 5, வெள்ளி

வெயில். நல்ல வெயில். வண்டியில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் போட்டாயிற்று. அவர் மாட்டுக் கழுத்துக்கு மணி கட்டுகிறார். இருளாயி அக்காவும் வருகிறாள், புதுச் சேலை, புருஷன் எடுத்துக் கொடுத்ததாம்.

கொண்டு போக: முறுக்கு ஒரு சட்டி, அம்மாவுக்குக் கத்திரிக்காய், கற்பூரம் (மூன்றாவது கம்பத்துக்கு).

அ. பட்டுக் கட்டிக்கொண்டு மடியில் பித்தளைத் தாம்பாளத்தோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. "எதுக்கு அத்தை இம்புட்டும்?" என்றால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு:

"உன் ஆத்தாவுக்கு மொதத் தாம்பூலம் நான் நீட்டப் போறேன். வாங்குறாளா இல்லையான்னு பார்ப்போம்."

வாங்குவாள். இரண்டு கையும் நீட்டி வாங்குவாள். சாயங்காலம் சங்கு ஊதும்போது நாங்கள் லைட்டுக்கு அடியிலேயே

கூப்பிடுகிறார்கள். வாரேன், வாரேன்