எனக்கு வைத்த வடை

நம் பேத்தி லெனிராவின் தாத்தாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

முதலாளியம்மாவுக்குச் சமைத்துப்போட ஊர் ஊராகச் சுற்றுகிறேன். ரெசிபே சந்தையில் உங்களுக்குத் தொப்பி வாங்கினேன். பயப்படாமல் மேலே படியுங்கள்.

நேற்று சால்வடாரில் ஒருத்தி தெருவோரம் அக்கராஜே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் வடையைத் தரையில் இலைமேல் வைத்து, "சாப்பிடு, டல்வினா பெரியம்மா" என்றாள். என் பெயர். அவள் முகமோ என் தங்கை ஈராசியின் முகம்.

"யாரும்மா அது?"

"எங்கம்மாவோட அக்கா. வெள்ளத்துல போயிட்டாங்களாம். ரொம்பக் கோவக்காரி! தினம் வைக்கலன்னா வாசல்ல வந்து நிக்கிறாங்கன்னு அம்மா தூங்கவே மாட்டாங்க."

அந்த வெள்ளத்துக்குப் பிறகு என் பச்சைக் குடையையும் பிடுங்கிக்கொண்டு என்னைப் பேருந்தேற்றி அனுப்பியவளே ஈராசிதான். அம்மாவின் வீட்டை அமுக்க ஊராரிடம் என்னைச் சாகடித்திருக்கிறாள்; அந்தப் பொய்யை அவளே நம்பியும் விட்டாள்போல.

குனிந்து வடையை எடுத்துத் தின்றேன்.

"ஐயோ பாட்டி, அது செத்தவங்களுது!"

"தெரியும். உப்பு கம்மி" என்றேன். யாரென்று சொல்லவில்லை. ஈராசி பயப்படட்டும்.

ஆனால் அதிலிருந்து எனக்குக் குளிர் விடவில்லை. கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். பொட்டலத்தின்மேல் என் முழுப்பெயரைப் பெரிதாக எழுதுங்கள். தபால்காரர் அதைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

முதலாளியம்மா மணியடிக்கிறார்.

உயிரோடிருக்கும் உங்கள் மனைவி,
டல்வினா