ஆபீஸ் மரம்

கடலூர் முதுநகர்
அக்டோபர் 6

அன்பு மகள் பெலிசியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாயிருக்கத் தினமும் செபமாலை சொல்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. போனில் பேசினால் நீ, பிரசவத்துக்கு வருவாயா மாட்டாயா என்று அதையே கேட்டு என்னைப் பேசவிடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வர மனமில்லாமல் இல்லை. மார்ச் மாதத்தோடு வெளிநாட்டுக்காரர்கள் உதவியை நிறுத்தியதும் சிதம்பரத்தில் இருந்த நம் தொண்டு நிறுவன ஆபீஸை மூடியது உனக்குத் தெரியும். கிள்ளைப் பக்கம் ஐந்து ஊர்க்காரர்களைச் சேர்த்துப் பதினான்கு வருடம் அலையாத்திக் காட்டுக்குச் சுரபுன்னை நட்டோமே, நீகூடப் பள்ளி லீவில் வந்து முழங்கால் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு நின்று பஜ்ஜி தின்றாயே, அன்று நட்டதெல்லாம் இப்போது பஸ் உயரத்துக்கு நிற்கிறது. படகு நிறைய நாற்றும் பெண்களுமாகப் போவோம், ஒருத்தி சேற்றில் விழுந்தால் மற்றவர்கள் தூக்கிவிடாமல் சிரிப்பார்கள். அந்த நாளெல்லாம் திரும்ப வராதா என்று இருக்கிறது. ஆனால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி இறங்க வெட்டிய வாய்க்காலை மழைக்கு முன்னால் வருடா வருடம் தூர் வாராவிட்டால், தண்ணீர் தேங்கி உப்பேறி மரம் பட்டுப்போகும். ஆபீஸ் இல்லாமல் யார் இறங்குவார்கள் என்ற கவலையோடு நான் எப்படி விமானம் ஏறுவேன், சொல்.

ஆகஸ்டில் கிள்ளைக்குப் போனேன். மங்கலம், உனக்கு நண்டுக் குழம்பு தருவாளே அவள்தான், ஆபீஸத்தான் மூடிட்டாங்களே ரோசிம்மா, இனிமே வெறகுக்கு வெட்டிக்கலாம்ல என்று கேட்டாள். சுருக்கென்றது. அவள் மேல் என்ன தப்பு, யார் கிளையைத் தொட்டாலும் இது ஆபீஸ் மரம், கை வைக்காதே என்று இத்தனை வருடம் மிரட்டியது நான்தானே. ஐந்து ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் சொன்னது தப்பு, இது உங்கள் மரம், வாய்க்காலும் உங்களுடையது என்றேன். மங்கலம்தான் எழுந்து, அப்ப இத்தினி நாளா ஏன் சொல்லல, பக்கத்து ஊர்ல ஒரு சேதி சொல்றதுன்னாகூட ஒங்க வழியாத்தான போச்சு என்று சத்தம் போட்டாள். பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

போன சனிக்கிழமை முதுநகர் மார்க்கெட்டில் கிள்ளையிலிருந்து நண்டு கொண்டுவந்தவள் சொல்கிறாள், தூர் வாரி முடிஞ்சு நாலு நாளாச்சே, ஒங்களுக்குத் தெரியாதா என்று. மங்கலமே மற்ற நாலு ஊருக்கும் போன் போட்டிருக்கிறாள், வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கியிருக்கிறார்கள், பட்ட கிளையை மட்டும் விறகுக்கு எடுக்கலாம் என்று அவர்களே பேசி முடித்து, அடுத்த வருடம் எந்த ஊர் முன்னே நிற்பது என்றுகூடச் சொல்லிவைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. முதலில் வலித்தது, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, படியில் பார்த்து இறங்கு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாதா உன்னையும் பிள்ளையையும் கையில் வைத்துக் காக்கட்டும். டிக்கெட்டை எடுத்துவிடு, ஆறு மாதத்துக்கே எடு, இங்கே என்னை யாரும் தேடமாட்டார்கள்.

உன் அம்மா,
ரோசி யாகப்பன்