ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு டின்

கெனாடி,

ஏழு மணி பஸ்ஸில் கிசினாவு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என் மார்புக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். கோழி சூப் அடுப்பில் இருக்கிறது, நம் பெண் டோய்னாவுக்கும் கொடு.

பத்து மணிக்குப் பழைய பூச்சிமருந்தைச் சேகரிக்கும் ஆட்கள் வருவார்கள். கூட்டுப்பண்ணைக் கிடங்கிலிருந்து உன் அப்பா கொண்டுவந்த வெள்ளைப் பொடி டின்னைக் கொடுத்துவிடு. "எங்க வீட்டுல அதெல்லாம் இல்லையே" என்று பல்லிளிக்காதே. முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் நீ ஒளித்துவைத்ததைப் பார்த்துவிட்டேன்.

டோய்னாவின் தலைப்பேனுக்கு அந்தப் பொடி வேண்டாம், சீப்பும் பொறுமையும் போதும். "நம்ம தலையிலயும் இதைத்தானே கொட்டினாங்க, யாரு செத்தா?" என்று நேற்றும் கேட்டாய். உனக்குச் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"சின்ன வயசுல பூச்சிமருந்து எதுவும் உடம்புல பட்டுச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்பது வயதில் அம்மா என் தலையில் அந்தப் பொடியைத் தூவித் துண்டு கட்டியதைச் சொன்னேன். "கட்டி அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி பட்டா ஆபத்து கூடலாம்" என்றார்.

டோய்னாவுக்கும் ஒன்பதுதான்.

ருக்சாந்தா

பி.கு.: டின்னை வெறுங்கையால் தொடாதே. கையுறை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

இன்னொன்று: அம்மா என்மேல் கோபப்பட்டு அதைப் போடவில்லை. அரிப்பில் நான் அழுதது பொறுக்காமல்தான் போட்டாள். டோய்னா அழுதால் நீயும் பொறுக்கமாட்டாய். அதனால்தான் சொல்கிறேன், நான் திரும்பி வரும்போது அந்த டின் வீட்டில் இருக்கக்கூடாது.