அரை வாளியில குளிச்ச கார்

1975 மே 14, புதன்.

குண்டு மாமா, நீ கண்ணை மூடினப்புறம், நீ கழுவின டாக்டர் ஐயா காரை உன் பொண்டாட்டி நான்தான் கழுவுறேன். இன்னைக்குக் குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. கார் அழுக்கா நின்னா வேலை போயிடும்னு பயம். உன் பழைய வேட்டியக் கிழிச்சு, அரை வாளித் தண்ணியில துளி சோப்பக் கரைச்சு, தொடைச்சே முடிச்சேன். துறைமுகத்து நிலக்கரித் தூசு பெயிண்ட்டைக் கீறிடும்னு, துணிய மடிச்சு, ஒரு மடிப்பால ஒருதரம்தான் தொடைச்சு, அடுத்த சுத்தமான மடிப்புக்கு மாத்தினேன்.

ஐயாவோட டிரைவர், "இன்னாக்கா, காருக்கு ஜொரமா? ஈரத்துணி போடுற?"ன்னு சிரிச்சான்.

ஐயா வந்து பானட்டுல மூஞ்சி பார்த்து மீசையத் தடவிக்கினாரு. "இனிமே இப்படியே செய்ம்மா"ன்னாரு. வேலை தப்பிச்சுது.

எனக்கு அரை மணிதான் ஆச்சு. பைப்பு புடிச்சுக் கழுவ ரெண்டு மணி நேரம் ஆகுதும்ப நீ. ஆனா சட்டை நனையாம, வடை வாசனையோட வூட்டுக்கு வருவ. மீதி நேரமெல்லாம் என்னை வுட்டுட்டு எங்க மாமா போயிருந்த?