பத்தாம் வகுப்பில் ரௌலட் சட்டம்

காஞ்சிபுரம்
14-3-1976

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் குழந்தை அலமுவும் நலம். உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? மருந்து கொடுக்கிறார்களா? இதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

சிறையில் கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் தருவார்கள் என்று தெரியும். படிக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நெசவாளர் சங்க அலுவலகத்திலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது நாள் ஆகிறது. மறுநாளே நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எந்த வரலாற்றுப் பாடம் முடிந்தாலும், இது இன்றைக்கு எங்கே நடக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்பேன், உங்களுக்குத் தெரியும். பல்லவர் காலத்து ஏரிகளைப் பற்றி நடத்தினால், "எங்க ஊர் மதகாண்ட இன்னும் தண்ணிச் சண்டை நடக்குது டீச்சர்" என்பாள் திருப்புட்குழிப் பெண் அங்கம்மாள். போன வாரம் பத்தாம் வகுப்பில் ரௌலட் சட்டம் வந்தது. யாரையும் விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம். நடத்தினேன். அன்று மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் புத்தகத்தை மூடிவிட்டேன். பயம்தான், அத்தான்.

அங்கம்மாள் எழுந்து நின்றாள். "இன்னிக்கு ஏன் டீச்சர் கேக்கல? உங்க வூட்டு சாரைக்கூட அப்படித்தானே இட்டுக்கினு போனாங்க?" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா, அப்படித்தான். உட்காரு" என்றேன்.

யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். தலைமையாசிரியை காமாட்சியம்மாள் கூப்பிட்டு, தவறாகப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதிய தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுடும்மா. பொண்ணை வெச்சிக்கினு ஒத்தையில இருக்கிற" என்றார். கெட்டவர் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். நான் போடவில்லை. போட்டால் அங்கம்மாள் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இப்போது வரலாறு என்னிடம் இல்லை. ஆறாம் வகுப்புக்குத் தையல் சொல்லித் தருகிறேன். என் தையல் லட்சணம்தான் தெரியுமே, ஊசியில் நூல் கோத்துத் தருவதே பிள்ளைகள்தான். வேலை நிலைக்குமா என்பது மேலிடத்து உத்தரவு வந்தால்தான் தெரியும்.

நேற்று உங்கள் அண்ணன் பஞ்சாட்சரம் வந்திருந்தார். இனி சங்கத்துப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் உங்களை விட்டுவிடுவார்களாம், நீங்கள் மறுக்கிறீர்களாம். "நீ ஒரு வார்த்தை எழுதும்மா, வேணு உன் பேச்சைத்தான் கேப்பான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுதுகிறேன். நான் போடவில்லை என்பதற்காக நீங்களும் போடக் கூடாது என்று நினைக்க வேண்டாம். நான் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்து அலமுவுக்குத் தலை பின்னுகிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுக்கிறவர் நீங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே வந்தாலும் சரி, கொடுக்காமல் என்றைக்கு வந்தாலும் சரி, எனக்கு நீங்கள் நீங்கள்தான். சாப்பாட்டை மட்டும் தள்ளிவிடாதீர்கள். கஞ்சியாவது குடியுங்கள்.

அம்பாள் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
கலாவதி